பல்மானியைக் கையில் கொடுங்கள்

வன்னி மக்களுக்கு மாற்றுச் சக்தி பற்றி விழிப்புணர்வு ஊட்டப் போகிறோம் என்று யாராவது பதாகை கட்டினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். 1990இற்குப் பிறகு ஏறத்தாழ இருபது வருடம் மின்கம்பியைக் காணாமல் வாழ்ந்த மண் இது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் உயர்தரம் படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுழற்றி ஓட்டிய டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு சொட்டுப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, மிச்சத் தூரம் முழுவதையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். சிக்கனம், மாற்று வழி, மறுபயன்பாடு எல்லாவற்றுக்கும் இவர்களே வகுப்பெடுக்கலாம்.

அப்படியென்றால் பல்கலைக்கழகம் இவர்களுக்கு எதைக் கொண்டுவரலாம்? பல்கலைக்கழகக் குழுக்களை ஊருக்குக் கூட்டிவரும் வேலைக்குள் சில வருடங்களாகக் கால் வைத்திருப்பதால் எனக்குக் கிடைத்த பதில், அளவு. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம், எவ்வளவு வெயில், எவ்வளவு இழப்பு. ஊரில் எல்லோருக்கும் அனுபவம் இருக்கிறது. அதை எண்ணாக்கும் கருவி இல்லை. கருவியைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோகிறவர்களை ஊர் மறந்துவிடுகிறது. கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிறது.

நான் விசுவமடுப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். 2022இல் நாட்டில் டொலர் தீர்ந்து எல்லாம் நின்றபோது, மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. வெங்காயச் செய்கைக்காரரும் கடற்றொழிலாளரும் ஒரே வரிசையில் மண்ணெண்ணெய்க் கலனோடு நின்றார்கள். அந்த நாட்களில்தான் பெற்றோர் என்னிடம் சோலார் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். விஞ்ஞான ரீச்சர் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. அதிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. கூரையில் பனல் பூட்டிய வீட்டுக்காரர்களும் மின்வெட்டு நேரத்தில் இருட்டில் இருக்கிறார்களே, அது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பணம் கட்டியவர்கள் பலர். மின்சார சபையின் கம்பியோடு இணைத்த சாதாரண முறைமையில், பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர், கம்பியிலிருந்து வரும் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பார்த்துத்தான் இயங்கும். கம்பியில் மின்சாரம் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். அப்படி நிற்க வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியர், உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து வரும் மின்சாரத்தால் இறந்துபோகலாம். மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பற்றரியும், அதற்கேற்ற வேறு வகை இன்வேர்ட்டரும் வேண்டும். 2016இல் தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தில் இணைந்த பலருக்கு விற்பனையாளர் சொல்லாமல் விட்ட வசனம் இது.

எங்களுக்கு அயலில் பல்கலைக்கழகம் இல்லாமல் இல்லை. கிளிநொச்சி நகரத்துக்கும், பஸ் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகும் முறிகண்டிப் பிள்ளையாருக்கும் இடையில் அறிவியல் நகர் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கேதான். விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் இடம்பெயர்ந்து, பின்னர் திரும்பி வந்தது. பொறியியல் பீடம் 2014இல் வந்தது. தெற்கே வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. இத்தனையும் இருந்தும், ஏ9 வீதியால் போகும்போது மதிலையும் பெயர்ப்பலகையையும் பார்த்ததைத் தவிர எங்கள் பிள்ளைகளுக்கு அவற்றோடு பழக்கம் இருக்கவில்லை.

முதலில் வந்த விழிப்புணர்வு நிகழ்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. யார் வந்தார்கள் என்பதும் தேவையில்லை. மங்கள விளக்கு, வரவேற்புரை, திரையில் துருவக் கரடி, 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்ற இலக்கு, நன்றியுரை, மதியச் சாப்பாட்டுப் பார்சல். பின்வரிசையில் இருந்த கமக்காரர்கள் தேநீரோடு எழுந்து போய்விட்டார்கள். வெங்காயத்துக்குத் தண்ணீர் விடும் நேரம் அது.

இரண்டாவது குழு வேறு மாதிரி வந்தது. மண்டபம் வேண்டாம், ஒரு தோட்டக் கிணறு காட்டுங்கள் என்றார்கள். என் மாணவி ஒருத்தியின் தகப்பன் அரை ஏக்கரில் மிளகாய் வைத்திருந்தார். அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் காலையில் நடந்த கணக்கை முழுமையாக எழுதுகிறேன். கிணறு உள்ள எவரும் தன் எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.

வெயில் காலத்தில் அரை ஏக்கர் மிளகாய்க்கு, வாய்க்காலில் ஊறிப் போவதையும் சேர்த்து, நாளொன்றுக்கு 20,000 லீற்றர் என்று வைத்தோம். நீர்மட்டத்திலிருந்து தோட்டம் வரை 8 மீற்றர் உயரம். 20,000 கிலோகிராமை 9.81ஆல் பெருக்கி, 8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 15 இலட்சத்து 70 ஆயிரம் யூல். ஓர் அலகு மின்சாரம், அதாவது ஒரு கிலோவாற் மணித்தியாலம், 36 இலட்சம் யூல். ஆக அத்தனை தண்ணீரையும் தூக்கத் தேவையான சக்தி 0.44 அலகு, அதாவது அரை அலகுகூட இல்லை. கமக்காரர் நம்பவில்லை. மறுபடி கணக்குப் போடச் சொன்னார். பிறகு எதிர்ப்பக்கக் கணக்கு வந்தது: ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 10 அலகு சக்தி. அந்தச் சிறிய பம்பி குடிக்கும் எண்ணெயில் தண்ணீராக மேலே வருவது மிகச் சிறிய பங்கு. மிச்சமெல்லாம் சூடாகவும் புகையாகவும் சத்தமாகவும் போகிறது.

மின்மோட்டரும் பம்பியும் சேர்ந்து 35 வீதத் திறனோடு வேலை செய்தால் நாளொன்றுக்கு 1.25 அலகு வேண்டும். இலங்கையின் உலர் வலயத்தில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நாளொன்றுக்கு விழும் சூரிய சக்தி 5 அலகு அளவில் இருக்கிறது. 400 வாற் பனல் ஒன்று சூடு, தூசு, கம்பி இழப்பு எல்லாம் கழித்து 1.4 அலகு தரும். கணக்குப்படி ஒரே ஒரு பெரிய பனல் போதும்.

கணக்கு அங்கே முடிந்திருந்தால் இது இன்னொரு அழகான கண்காட்சிப் பலகையாகப் போயிருக்கும். கமக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, தண்ணீர் வரும். ஆனால் மெல்ல வரும். மெல்ல வருகிற தண்ணீர் இந்த வாய்க்காலின் முனையைத் தொடாது. பாதியிலேயே மண் குடித்துவிடும்.”

குழுவோடு வந்த இளம் விரிவுரையாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கொப்பியைத் திறந்து எழுதினார். மண்ணெண்ணெய்ப் பம்பி ஒரு மணித்தியாலத்துக்குள் வாரி இறைத்துவிடும் தண்ணீரைச் சோலார் பம்பி ஐந்து மணித்தியாலத்தில் தருகிறது. மொத்தம் ஒன்றுதான், வேகம் வேறு. நீண்ட வாய்க்காலில் வேகம்தான் எல்லாம். இதைப் பம்பியின் கையேட்டில் தேடினால் கிடைக்காது. மண்வெட்டி பிடித்தவருக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர்களுடைய ஆய்வுக் கேள்வியே மாறியது. பனலின் அளவு எவ்வளவு என்பதிலிருந்து, தண்ணீரை எங்கே சேர்த்து எப்படித் திறந்துவிடுவது என்பதற்குப் போனது. உயரத் தொட்டி கட்டினால் தீரும், ஆனால் தொட்டிக்குப் பனலைவிடச் செலவு. சொட்டு நீர்ப்பாசனம் நல்லது, ஆனால் குழாயை எலியும் அணிலும் விட்டுவைக்காது. கடைசியில் அந்தக் கமக்காரரே வாய்க்காலைச் சிறு சிறு பாத்திகளாக மறித்து, காலை முழுவதும் ஒவ்வொன்றாகத் திருப்பிவிடும் முறையைக் கண்டுபிடித்தார். பல்கலைக்கழகக் குழு அதையும் அளந்து எழுதிக்கொண்டது. ஆனால் யாரும் அளக்காத ஒன்றை நான் கவனித்தேன். காலை முழுவதும் பாத்தி திருப்ப நின்றவர் அவருடைய மனைவி. மண்ணெண்ணெய்க் காசு மிச்சம், அக்காவின் காலைப் பொழுது செலவு. சூரிய சக்தி இலவசம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கையும் கேளுங்கள் என்று குழுவிடம் சொன்னேன். அடுத்த முறை அவர்கள் கொண்டுவந்த வினாக்கொத்தில் “தண்ணீர் விடுபவர் யார், எவ்வளவு நேரம்” என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.

பம்பி பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மேலிருந்து உறிஞ்சும் பம்பியால் நடைமுறையில் 7 மீற்றர் ஆழம் வரைதான் இழுக்க முடியும். அதனால் கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பம்பியைக் கிணற்றுக்குள் தட்டுக் கட்டி இறக்குகிறார்கள். எண்ணெயில் ஓடும் எந்தப் பம்பியையும் அப்படி இறக்காதீர்கள். புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது கிணற்றுக்குள் தங்கி, பம்பியை நிறுத்த இறங்குபவரையும் அவரைத் தூக்க இறங்குபவரையும் சேர்த்துக் கொல்லும். நீருக்குள் மூழ்கும் மின்பம்பியின் முதல் நன்மை என் கணக்கில் இதுதான். எண்ணெய்ச் செலவு பிறகு.

பிள்ளைகளோடு நடந்தது தனிக் கதை. குழு எங்களிடம் விட்டுப்போனவை 10 வாற் பனல் ஒன்று, சிறு மின்விசிறி ஒன்று, மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளக்கும் மலிவான பல்மானி (multimeter) ஒன்று. அவ்வளவுதான். அவற்றை வைத்துத் தரம் 9 பிள்ளைகள் செய்தவற்றை நான் எந்தப் பாடநூலிலிருந்தும் கற்பித்திருக்க முடியாது.

பனலில் வரிசையாக 36 கலங்கள் இருந்தன. விசிறி நன்றாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு பிள்ளை ஒரே ஒரு கலத்தை உள்ளங்கையால் மூடினாள். விசிறி நின்றுவிட்டது. மற்ற 35 கலங்களும் வெயிலில்தான் இருந்தன. தொடராக இணைத்த கலங்களில் ஒன்று மூடப்பட்டால், தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் மடித்தது போல முழு ஓட்டமும் தடைப்படும். பெரிய பனல்களில் இதைச் சமாளிக்க இருவாயிகளை (டயோட்) மாற்றுப் பாதையாக வைத்திருப்பார்கள். அப்போதும் இழப்பு சிறியதல்ல. அன்று பாடசாலை விட்டதும் ஒரு பையன் தன் பெரியப்பா வீட்டுக்கு ஓடினான். அங்கே கூரைப் பனலின் ஒரு மூலையில் மாலையில் பனையோலை நிழல் விழும். மறுநாள் அந்த ஓலை இல்லை.

இன்னொரு நாள் மத்தியானம் பனலைத் தொட முடியாத சூடு. விசிறியிலிருந்து கழற்றிய பனலின் மின்னழுத்தம் 19 வோல்ற்றில் நின்றது; காலையில் அதே பனல் 21இற்கு மேல் காட்டியிருந்தது. வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்றுதானே எல்லோரும் நினைப்போம். ஒருவன் வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றினான். பல்மானியின் எண் எல்லோர் கண்முன்னாலும் ஏறத் தொடங்கி 20ஐத் தாண்டியது. பிள்ளைகள் கத்தினார்கள். சிலிக்கன் பனலின் வலு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.45 வீதம் வரை குறையும். வன்னிக் கூரையில் நண்பகல் பனல் 60 பாகையைத் தொட்டால் பெட்டியில் எழுதியிருக்கும் வாற்றில் எட்டில் ஒரு பங்கு காற்றோடு போகும். அதனால் பனலுக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையில் காற்று ஓட இடம் விட்டுப் பூட்டச் சொல்லுங்கள். ஆனால் கொதிக்கும் கண்ணாடியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக்க வேண்டாம், கண்ணாடி வெடிக்கலாம். கழுவுவதானால் விடியற்காலையில் கழுவுங்கள். கிறவல் வீதி ஓர வீடுகளில் கோடை முழுவதும் செம்புழுதி படியும். மயில் வந்து உட்கார்ந்து எச்சமிடும். குரங்கு வேறு. இவற்றுக்கெல்லாம் இன்னும் எந்த நிறுவனமும் உத்தரவாதம் தருவதாகத் தெரியவில்லை.

எங்கள் பகுதியில் பலர் முதன்முதலில் பார்த்த சோலார் பனல் வீட்டுக் கூரையில் இல்லை, யானை வேலியில். அதனால் பிள்ளைகளின் கேள்விகளும் அங்கே போயின. முறையான யானை வேலியில் கருவி, நொடிக்கு ஒன்று என்ற கணக்கில், மிகக் குறுகிய துடிப்பாக மின்சாரத்தை அனுப்புகிறது. மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ற். ஆனால் துடிப்பு அத்தனை குறுகியதால் யானை அலறி விலகும், சாகாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பவர்கள் வைப்பது வேலியே இல்லை, பொறி. அதில் யானையும் செத்திருக்கிறது, மனிதரும் செத்திருக்கிறார்கள். இதை நான் சொன்னபோது வகுப்பில் சில தலைகள் குனிந்தன. வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆய்வுகூட விஞ்ஞானம் என்று ஒன்று இருக்கிறதே, அது வன்னிக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் பு. ரவிராஜனும் அவருடைய குழுவினரும் நெடுங்காலமாகச் சூரியக் கலங்களில் வேலை செய்து வருகிறார்கள். நோர்வேயின் பேர்கன் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தோடு கூட்டாகவும் தூய சக்தி ஆய்வு நடக்கிறது. அவர்கள் கையாளும் முக்கியப் பொருள்களில் ஒன்று தைத்தேனியம் ஈரொட்சைட்டு. சுவர்ப் பூச்சுக்கு வெள்ளை நிறம் தரும் அதே தூள். 1991இல் மைக்கேல் கிரேட்செல்லும் பிரயன் ஓ’ரீகனும் இந்தத் தூளின் மேல் சாயம் ஏற்றி மலிவான சூரியக் கலம் செய்யும் வழியை வெளியிட்டார்கள். சாயம் ஒளியை வாங்கி இலத்திரனைத் தூளுக்குக் கொடுக்கும். அயடீன் கரைசல் சாயம் இழந்ததை ஈடுசெய்யும்.

பல்கலைக்கழக மாணவர்கள் சூளையில் 450 பாகையில் சுட்ட வெள்ளைப் பூச்சுக் கண்ணாடிகளைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பிள்ளைகள் பாடசாலை வேலியிலிருந்து செவ்வரத்தைப் பூப் பறித்து, வெந்நீரில் கசக்கி, கண்ணாடியை அதில் ஊறவைத்தார்கள். வெள்ளை மெல்ல ஊதாவாக மாறியது. மற்றக் கண்ணாடியைப் பென்சிலால் அழுத்தித் தேய்த்துக் கறுப்பாக்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் அயடீன் கரைசல் ஒரு துளி, இரண்டு கிளிப். வெயிலில் பிடித்தபோது பல்மானியில் 0.4 வோல்ற் அளவில் வந்தது. நான்கைத் தொடராக இணைத்ததும் ஒரு பழைய கல்குலேட்டரின் திரையில் பூச்சியம் தோன்றியது. பூச்சியத்தைப் பார்த்து இத்தனை பேர் கைதட்டியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கெட்டிக்காரன் ஒருவன் உடனே கேட்டான்: “சேர், கடையில் விற்கும் பனல் இதைவிட நல்லதுதானே? பிறகு ஏன் இது?” அந்த இளம் விரிவுரையாளர் மழுப்பவில்லை. கடைப் பனல் வெயிலில் 20 வீதத்துக்கு மேல் மின்சாரமாக்குகிறது, இந்தப் பூவின் சாயம் 1 வீதத்தைக்கூட எட்டாது, ருத்தேனியம் கலந்த சாயம் போட்டால் 10 வீதத்தைத் தாண்டும், ஆனால் அது விலை கூடிய உலோகம் என்றார். நாளைக்கே உன் வீட்டில் விளக்கு எரிக்க இதைச் செய்யவில்லை என்றும் சொன்னார். பிறகு ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டையில் கரையில் கறுப்பாகக் கிடப்பது என்ன மணல்?

பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. கறுப்பு மணல் ஏற்றிப் போவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். அது இல்மனைட், இரும்பும் தைத்தேனியமும் கலந்த தாது. நாங்கள் அதை மணலாகவே ஏற்றுமதி செய்கிறோம். அதைப் பிரித்துச் செய்த வெள்ளைத் தூளை வெளிநாட்டிலிருந்து டப்பாவில் வாங்குகிறோம். அந்தக் கரையின் மணலால் யாருக்கு நன்மை, காணி இழந்தவர்களுக்கு என்ன பதில் என்பவை வேறு கேள்விகள். அவையும் வகுப்பில் வந்தன, வரத்தான் வேண்டும். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் ஏன் இந்தத் தூளில் இருபது முப்பது வருடம் மினக்கெடுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

இதைவிடக் கடினமானது பெரியவர்களின் கேள்வி. ஒரு மாலை வாசிகசாலையில் கூடினோம். பின்னால் இருந்த ஓர் ஐயா எழுந்தார். “தம்பி, பளையிலும் மன்னாரிலும் காற்றாடி போட்ட பிறகு மழை குறைந்துவிட்டது என்கிறார்கள். நீ படித்தவன், சொல்லு.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விரிவுரையாளர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். “ஐயா, எந்த மழையைச் சொல்கிறீர்கள், மாரி மழையையா?” என்று கேட்டார். பிறகு விளக்கினார். எங்களுக்கு ஆண்டின் பெரும் பங்கு மழை ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக் கடலிலிருந்து வருகிறது. அந்த மேகத் தொகுதிகள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமும் பல கிலோமீற்றர் உயரமும் கொண்டவை. காற்றாடியின் இறக்கை நுனி எட்டுவது நூற்றைம்பது மீற்றர் அளவைத்தான். பெரும்பாலும் அது மும்முரமாகச் சுழல்வதும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில், எங்களுக்கு மழை இல்லாத மாதங்களில். இவ்வளவு சொல்லிவிட்டு, நம்புங்கள் என்று அவர் கேட்கவில்லை. பாடசாலையில் மழைமானி வைப்போம், பழைய பதிவுகளையும் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

ஐயா விடவில்லை. மன்னாரில் 2020 டிசம்பரில் 100 மெகாவாற் தம்பபவனி காற்றாலை வந்தபின் வெள்ளம் வடியும் வழி அடைபட்டது என்கிறார்களே, வலசை வரும் பறவைகள், கரைவலைக்காரர், இவர்கள் கதி என்ன என்று கேட்டார். இந்த இடத்தில்தான் பல பேச்சாளர்கள் தடுக்கி விழுகிறார்கள். மழையைப் பற்றிய கேள்வியையும் வடிகாலைப் பற்றிய கேள்வியையும் ஒரே கூடையில் போட்டு அறியாமை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். முதலாவதுக்குக் காற்றாடி காரணமில்லை. இரண்டாவதில் வீதி போட்டு மேடாக்கிய நிலம், தண்ணீர் ஓட்டம், பறவையின் பாதை எல்லாம் அளந்து பார்க்க வேண்டிய நியாயமான விடயங்கள். 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கியதை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. தூய சக்தி என்ற பெயர் இருப்பதால் திட்டம் தானாகத் தூய்மையாகிவிடாது என்று விரிவுரையாளர் சொன்னபோது ஐயா உட்கார்ந்தார்.

2025 ஏப்ரலிலும் இப்படி ஒரு கேள்வி வந்தது. சித்திரை வருடப்பிறப்பு நாட்களில் கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணி வரை அணைத்து வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டிருந்தது. சூரியன் இலவசம் என்றீர்களே, இப்போது ஏன் அணைக்கச் சொல்கிறார்கள்? அதே ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஏறி நாடு முழுவதும் இருண்ட கதையிலிருந்து தொடங்கினோம். விடுமுறை நாளில் ஆலைகளும் அலுவலகங்களும் ஓடாததால் தேவை குறைவு. வெயிலில் சோலார் உற்பத்தி உச்சம். மின்நிலையங்களின் கனத்த சுழலிகள் பல ஓய்வில் இருக்க, நாட்டின் மின் தொகுதியில் இடறலைத் தாங்கும் சுழலும் பாரம் குறைந்து, ஒரு சிறு இடறலும் முழுத் தொகுதியையும் சாய்த்துவிடும். இனி வேண்டியது கூடுதல் பனல் மட்டுமில்லை, மின்சாரத்தைச் சேமிக்கும் வழி என்பதை அந்தக் குரங்கு எந்தப் பேராசிரியரையும்விடத் தெளிவாக நாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

சாணத்திலிருந்து எடுக்கும் உயிர்வாயுவைப் (biogas) பற்றியும் கேட்டார்கள். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நினைவு போகவில்லை. வன்னியில் மாடு இருக்கிறது, சாணமும் இருக்கிறது, ஆனால் பட்டி மாடு பகல் முழுவதும் காட்டில் மேயும். பாதிச் சாணம் காட்டுக்கே போகிறது. ஒரு குடும்பத்தின் சமையலுக்கு மூன்று நான்கு மாட்டின் முழுச் சாணமும் நாளாந்தம் வேண்டும். இரவில் பட்டியில் சேர்வதை மட்டும் நம்பினால் மாட்டுக் கணக்கை இரட்டிப்பாக்குங்கள். அவ்வளவுதான்.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும், கிராம அபிவிருத்திச் சங்கத்தாருக்கும் சில நடைமுறை விடயங்கள். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதும்போது “விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தித் தரவும்” என்று எழுதாதீர்கள். துருவக் கரடிதான் வரும். கிணற்றின் ஆழம், தோட்டத்தின் அளவு, மாதம் எவ்வளவு எண்ணெய், என்ன பயிர் என்று எழுதி, கணக்குப் பார்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பார்கள்; உங்கள் கிணறே அவர்களுக்குத் தலைப்பாகிவிடும். அவர்களில் தெற்கிலிருந்து வந்து தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். எங்களிடம் வந்த ஒருவனுக்கு மிளகாய்த் தோட்டத்து அக்கா, தெரிந்த சிங்களத்தில் பாத்தி கட்டும் முறை முழுவதையும் விளக்கிவிட்டார். மொழி ஒரு தடையாகவே இருக்கவில்லை. வலயக் கல்வி அலுவலக அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அங்கே எந்தக் கடிதமும் தன் வேகத்தில்தான் நடக்கும்.

காலமும் முக்கியம். மாரியில் வராதீர்கள், பாதையும் இல்லை, வெயிலும் இல்லை. பெரும்போக அறுவடை நேரத்தில் ஆட்கள் வரமாட்டார்கள். சோளகம் வீசும் மாதங்கள்தான் சரி: வெயில், காற்று, தண்ணீர்த் தட்டுப்பாடு மூன்றும் ஒன்றாக இருக்கும். மக்களுக்கும் கேட்கக் கேள்வி இருக்கும்.

முடிவுகளை எழுதிக்கொண்டு போகிறவர்கள் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சொல்வார்களா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தில், தமிழில், அந்தக் கிணற்றின் எண்ணோடு. எங்கள் கமக்காரர் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பம்பிக் கொட்டிலில் தொங்கவிட்டிருக்கிறார். அடுத்த தோட்டக்காரர் கடன் விண்ணப்பத்துக்கு அதைப் பார்த்துத்தான் எண்களை எழுதினார்.

பல்மானியைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது 10 அம்பியர்த் துளையையும் வோல்ற் துளையையும் மாற்றிச் சொருகி உருகியை எரித்துவிடுவார்கள். அதற்காகக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். உருகி விலை குறைவு. கூடுதலாக வாங்கி மேசை லாச்சியில் போட்டு வையுங்கள். 9 வோல்ற் பற்றரியையும் நீங்களே வாங்கி வையுங்கள். வருகிறவர்கள் நிச்சயமாக மறந்துவிட்டு வருவார்கள்.